புல்லுக்குப் பேரு, எனக்குப் பதிலு

பத்தாங் பெர்ஜுந்தாய்,
மலேசியா, 28 மே 2023

நித்தியா அப்பாவுக்கு மாலா எழுதுறது.

இங்க நானும் பிள்ளையும் நல்லாதான் இருக்கோம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா நீங்க வாயைத் திறந்து சொல்றதில்லை.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. போன்ல பேசினா "ம்" போடுறீங்க. நான் விஷயத்துக்கு வந்தா "லைன் சரியில்லை மாலா"ன்னு வெச்சிடுறீங்க. வாட்சாப்புல எழுதினா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தினவளுக்குக் கட்டைவிரல்! அதான் போஸ்டாபீசுக்குப் போய் ஸ்டாம்பு வாங்கினேன். கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு, "இந்தக் காலத்துல கடிதமா மக்சிக்"ன்னு ஆன்ட்டி முறை வெச்சுச் சிரிச்சா. சிரிக்கட்டும். கடிதத்துல "ம்" போட முடியாது, பார்ப்போம்.

கேள்வி ஒண்ணுதான். நானும் நித்தியாவும் அங்க வரணுமா, வேண்டாமா?

தோட்டத்துல ஆளுங்களை மேய்க்கிற மண்டோர் வேலையை விட்டுட்டு ஏர்போர்ட்டுல நின்னப்போ என்ன சொன்னீங்க? "ஒரே வருசம்லா மாலா. கோதுமைப் பண்ணை முதலாளிகிட்ட நல்ல பேரு வாங்கி, உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்குறேன்." இப்ப ஒன்றரை வருசம் ஓடிப்போச்சு. பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா தினமும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு, "என்னா மாலா, எப்போ கனடா?"ன்னு கேக்குறாங்க. அந்த அக்கா கேக்குற அழகுக்கே நான் ஓடிப்போகணும் போல இருக்கு.

குவாலா சிலாங்கூர் பண்டல் கடையில பழைய குளிர்க்கோட்டு ரெண்டு வாங்கினோமே, அது அலமாரியில பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு சேலை எடுக்கணும்னா முதல்ல கனடாவை வெளிய எடுத்து வெக்கணும். உங்க மக போன வாரம் கோட்டைப் போட்டுக்கிட்டு, காத்தாடியை வேகமா வெச்சு, முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. அவ வேற என்ன செய்வா?

இன்னொண்ணு. ரவாங் பெட்டி கம்பெனியில எங்க சூப்பர்வைசர் வருசக் கடைசியோட நிக்கிறாங்க. "நீ வர்றியா மாலா? ஆனா ஊரை விட்டுப் போற ஆளுக்குக் கொடுக்க முடியாது, யோசிச்சுச் சொல்லு"ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் என்னத்த யோசிக்கிறது? யோசிக்க வேண்டிய ஆளு அங்க இருக்காரு.

பதில் போடுங்க. வானிலை அறிக்கை வேண்டாம்.

இன்னமும் பொறுமையா இருக்கிற,
மாலா


சஸ்காட்செவன், கனடா
22 ஜூன் 2023

அன்புள்ள மாலாவுக்கு, சேது எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்தது. முதலாளியின் தபால் பெட்டிக்கு வந்த உறையில் என் பெயரைத் தமிழிலும் எழுதியிருந்தாய். தபால்காரர் காட்டிச் சிரித்தார். படித்தேன். மறுபடியும் படித்தேன். கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

நான் நலம். சளி இருந்தது, போய்விட்டது. நித்தியாவை நன்றாகப் படிக்கச் சொல். எஸ்.பி.எம். பரீட்சை எழுதும் வருடம்.

வானிலை வேண்டாம் என்றாய். ஆனால் நிலத்தைப் பற்றிச் சொல்லலாம்தானே. இந்த மாதிரி நிலத்துக்கு பிரெய்ரி என்று பெயர். கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே கிடையாது. நாற்பது வருடம் செம்பனை மட்டைக்குக் கீழேயே நடந்தவனுக்கு, முதல் ஒரு மாதம் தலை சுற்றியது. மழை வந்தால் ஒதுங்கக்கூட ஒன்றும் இல்லை. வானம் மட்டும்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி வால்ட்டர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் பின்னால் பத்து ஏக்கர் நிலம் ஒன்றுமே போடாமல் சும்மா கிடந்தது. கோதுமையும் இல்லை, மாடும் இல்லை. அவர் வருவதற்குள் அந்த இடத்தைச் சுத்தமாக்கி வைத்திருக்கிறேன். துரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்றால் நாம் தோட்டத்தை எப்படி வைப்போம், அந்த மாதிரி. யாரும் சொல்லாமலே செய்தேன். பார்த்தால் அசந்துவிடுவார். அந்தச் சந்தோசத்தில் இருக்கும்போதே உங்கள் இருவரையும் கூப்பிடுவது பற்றிப் பேசிவிடுவேன்.

கோட்டுகளை வெயிலில் காயவை. பூசணம் பிடிக்கும்.

அன்புடன்,
சேது


பத்தாங் பெர்ஜுந்தாய்,
16 ஜூலை 2023

நித்தியா அப்பாவுக்கு,

கோட்டை வெயில்ல போட்டேன். அன்னம்மா அக்கா பார்த்துட்டு, டிக்கெட்டே வந்துருச்சுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. உங்க பேச்சைக் கேட்டதுக்குக் கிடைச்ச சன்மானம். இப்ப கடைக்காரன் வரைக்கும் "எப்போ ப்ளைட்டு?"ன்னு கேக்குறான்.

வால்ட்டர் வந்துட்டாரா? அசந்தாரா? போன ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டா, "பேசணும் மாலா, பேசணும்"னு ரெண்டு தடவை சொல்லிட்டு வெச்சிட்டீங்க. எப்ப பேசுறது? நித்தியாவுக்குக் கல்யாணமாகிப் பேரன் பொறந்த பிறகா?

துரை வர்றதுக்கு முன்னால சுத்தம் பண்ணின கதையெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. எனக்கு அது ஞாபகம் இருக்கு. தோட்டத்து வீட்டுக்குப் பின்னால நான் ஆசையா வெச்ச செரை, எலுமிச்சை வாசனையோட நீட்ட நீட்ட இலையா வளருமே, ரசத்துக்கும் சம்பாலுக்கும் பறிச்சுக்கிட்டு இருந்தேனே, துரை வர்றாருன்னு மருந்து அடிச்சுக் கருக்கிட்டீங்க. கேட்டதுக்கு "புல்லுதானே மாலா"ன்னீங்க. மண்டோருக்கு மரத்தைத் தவிர மத்ததெல்லாம் புல்லு. அன்னைக்குச் சட்டியைத் தூக்கிப் போட்டேன். நசுங்கின சட்டி இன்னமும் இருக்கு, அதுலதான் இன்னைக்கும் சோறு வடிச்சேன்.

பதிலு வேணும். வரட்டுமா, வேண்டாமா? ரெண்டுல ஒரு வார்த்தை.

மாலா


சஸ்காட்செவன்
10 ஆகஸ்டு 2023

அன்புள்ள மாலாவுக்கு, சேது எழுதிக்கொள்வது.

நலம். வால்ட்டர் வந்துவிட்டார். அவரும் நலம்.

இந்த ஊர் டவுனில் ஒரு சின்ன லைப்ரரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு என்பதால் சனிக்கிழமை வேலை முடிந்து அங்கே போகிறேன். பிரெய்ரி என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அது ஆங்கிலச் சொல்லே இல்லையாம். முந்நூறு வருடத்துக்கு முன்பு முதலில் வந்த வெள்ளைக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் ஊரில் இந்த மாதிரி நிலம் கிடையாது. மாதக்கணக்கில் நடந்தாலும் முடியாத புல்லைப் பார்த்து என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் வீட்டுப் பக்கத்தில் மாடு மேயும் சின்னப் புல்தரை இருக்குமே, அதற்கு பிரெய்ரி என்று பெயர். அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். ரஷ்யாவில் இதே மாதிரி நிலத்துக்கு ஸ்டெப்பி என்கிறார்கள். தென் அமெரிக்காவில் பாம்பா. அது அந்த மண்ணின் ஜனங்களே வைத்த பெயர், சமவெளி என்று பொருளாம். இங்கே ஏற்கெனவே இருந்த ஜனங்களும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தானே. வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

இந்தப் புல்லின் வேர் ஆள் உயரத்துக்கும் கீழே போகிறது, மாலா. மேலே முழங்கால் அளவு, கீழே அத்தனை ஆழம். அதில் நூறு வகைப் பூ, செடி எல்லாம் கலந்திருக்குமாம். ஒரு தடவை போனால் திரும்ப வர ஒரு மனுசனின் ஆயுசு போதாது என்று எழுதியிருந்தது.

உன் விஷயம் இன்னும் பேசவில்லை. பேசுகிறேன்.

அன்புடன்,
சேது


பத்தாங் பெர்ஜுந்தாய்,
3 செப்டம்பர் 2023

நித்தியா அப்பாவுக்கு,

நான் கேட்டது டிக்கெட்டு. நீங்க அனுப்பினது அகராதி.

கடிதத்தைப் பிரிச்சதும், ரெண்டு பக்கம் இருக்கே, நல்ல சேதிதான்னு அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரனாம். மாடாம். பாம்பாவாம். நித்தியா வேற, "சூப்பர்லா மா, என் ஜியாக்ரபி டீச்சரே இதெல்லாம் சொல்லலை"ங்குறா. அப்பாவும் மகளும் சேர்ந்து என்னைக் கொல்லுங்க.

இதுல என்ன பெரிய அதிசயம்னு எனக்குப் புரியலை. நம்ம ஆளுங்க மட்டும் வேற என்ன செஞ்சாங்க? ஊர்ல தோட்டம்னா கிணத்தடியில நாலு கத்திரிக்கா, ரெண்டு பந்தல் அவரை. இங்க வந்து இறங்கி, காட்டையே வெட்டி ஆயிரம் ஏக்கர்ல மரம் நட்டாங்களே, அதுக்கும் தோட்டம்னுதானே பேரு வெச்சாங்க? கையில இருந்த பேரைத்தானே வெக்க முடியும்? இதைக் கண்டுபிடிக்க லைப்ரரிக்குப் போகணுமா?

ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வெக்கிறப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது. இந்த மனுசன் கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு புத்தகம் தொட்டதில்லை. நாலு நம்பர் லாட்டரி ரிசல்ட்டைத் தவிர வேற எதையும் வாசிச்சதில்லை. புல்லைக் கண்டா எரிச்சல்தான் வரும், வேர் எவ்வளவு ஆழம்னு இவருக்கு எதுக்கு? ஒரு தடவை போனா திரும்ப வராதுன்னு ஏன் எனக்கு எழுதணும்?

முந்தின கடிதத்தை எடுத்துப் படிச்சேன். பத்து ஏக்கர் சும்மா கிடந்தது. சுத்தமாக்கி வெச்சிருக்கேன். யாரும் சொல்லாமலே செஞ்சேன்.

அடப்பாவி மனுசா! மருந்து அடிச்சிட்டீங்க, இல்லையா? அந்த ஆளு ஆசையா வெச்சிருந்த புல்லுக்கு என் செரைக்கு அடிச்ச மாதிரி அடிச்சிட்டீங்க.

இல்லைன்னு சொல்லுங்க. நான் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

மாலா


சஸ்காட்செவன்
27 செப்டம்பர் 2023

மாலாவுக்கு,

தேங்காய் உடைக்க வேண்டாம்.

ஆமாம். அடித்தேன். கொட்டகையில் மருந்து இருந்தது, டிராக்டரில் கட்டும் பம்பும் இருந்தது. ஒரே காலையில் முடித்துவிட்டேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? விடியற்காலைப் பெரட்டில், எல்லா ஆட்களும் வரிசையாய் நிற்க, துரை என் பெயரைச் சொல்லிப் பாராட்டின நாள் மாதிரி இருந்தது. பத்து நாளில் எல்லாம் பழுத்து நின்றது. எங்கே பார்த்தாலும் சுத்தம்.

வால்ட்டர் வந்து காரை நிறுத்தினார். பெட்டியைக்கூட இறக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன், மாலா. சிரித்துக்கொண்டே போனேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். அவர் தாத்தா இங்கே வந்தபோது சுற்றிலும் எல்லாவற்றையும் உழுதாராம், இந்தத் துண்டை மட்டும் விட்டாராம். வந்தபோது நிலம் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. அதில் ஏரே பட்டதில்லை. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நீ எழுதியது சரிதான். கையில் இருக்கிற பேரைத்தான் வைக்க முடியும். பிரெஞ்சுக்காரன் இதைப் பார்த்து மாட்டுப்புல் என்றான். நான் பார்த்து, நம் தோட்டத்தில் களையாக முளைக்கும் லாலான் என்றேன். அவன் பெயர் வைத்ததோடு விட்டான். நான் மருந்தும் வைத்தேன்.

அவர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சம்பளத்திலும் கைவைக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போது வேலை முடிந்து சாயங்காலம் ரோட்டோரமும் ரயில் பாதை ஓரமும் போய் அந்த வகைப் புல்லின் விதையைக் கையால் உருவி எடுக்கிறேன். பையில் போட்டு அவர் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். எப்போது முளைக்கும், எத்தனை வருடம் ஆகும், தெரியாது.

இப்படிச் செய்துவிட்டு, என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் உங்கள் நிலத்துக்குக் கூப்பிட உதவி செய்யுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வர வேண்டாம். சூப்பர்வைசர் வேலையை வாங்கிக்கொள். கோட்டுகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. நித்தியாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சேது


பத்தாங் பெர்ஜுந்தாய்,
20 அக்டோபர் 2023

நித்தியா அப்பாவுக்கு,

இத்தனை மாசமா கேட்ட கேள்விக்குப் பதிலு வந்துருச்சு. ரொம்ப சந்தோசம். ஆனா தப்பான பதிலு.

கடிதத்தைப் படிச்சுட்டு அழுதேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நீங்க சிரிச்சுக்கிட்டே பின்னால போனீங்கன்னு எழுதினீங்க பாருங்க, அந்த இடத்துல. பாவி மனுசன், எங்களைக் கூப்பிடுறதுக்காகத்தானே அந்தப் பம்பைக் கட்டினீங்க. அழுது முடிச்சதும் கோபம் வந்துச்சு. செரையில ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் இதே கதைதான். செய்யுறதுக்கு முன்னாலயும் யாரையும் கேக்கறதில்லை, செஞ்ச பிறகும் யாரையும் கேக்கறதில்லை. முதலாளி என்ன நினைக்கிறாரு, பெண்டாட்டி என்ன நினைப்பா, எல்லாம் நீங்களே முடிவு பண்ணிக்கிட்டு நீங்களே தண்டனையும் கொடுத்துக்குவீங்க.

நீங்க கேக்கலை. நான் கேட்டுட்டேன்.

நித்தியா எங்கேயோ தேடி அந்தப் பண்ணை வீட்டு நம்பரை எடுத்தா. போன சனிக்கிழமை காலையில இங்க பசியாறிட்டு அடிச்சோம், அங்க வெள்ளிக்கிழமை சாயங்காலமாம். நீங்க விதை பொறுக்கப் போயிருந்த நேரம். என் கம்பெனி இங்கிலீசு முடிஞ்ச இடத்துல நித்தியா எடுத்துக்கிட்டா. முதல்ல நான் மன்னிப்புக் கேட்டேன். எங்க ஊர்ல பெரிய துரை வர்றாருன்னா ஒரு புல்லு தலை தூக்கக் கூடாது, தலை தூக்கினா மண்டோருக்குத்தான் ஏச்சு, என் வீட்டுக்காரரு அதுலயே வளர்ந்தவருன்னு சொன்னேன். லைன் போயிருச்சோன்னு பார்த்தேன். அப்புறம் அந்த ஆளு சிரிச்சாரு. அழுத மாதிரியும் இருந்துச்சு, தெரியலை.

உங்க மேல கோபமான்னு கேட்டேன். "ஆமா, இன்னமும் கோபம்தான்"னு சொன்னாரு. "தினமும் வாசல்ல திருடன் மாதிரி பையை வெச்சுட்டு ஓடுறான். ஜூலையிலிருந்து என் மேசையில உக்கார்ந்து சாப்பிடலை. அவனுக்கு என்கிட்ட கேக்க ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். கேக்கட்டும்னு நானும் காத்துக்கிட்டே இருக்கேன். வாயைத் திறக்க மாட்டேங்குறான்." அந்த ஆளுக்கும் இதே ரோதனைதான்! கடல் தாண்டி எனக்கு ஒரு கூட்டாளி கிடைச்சாரு.

நாங்க வர்றதைப் பத்தி நித்தியா கேட்டா. செய்ய முடிஞ்சதை எல்லாம் செய்றேன், பிள்ளையோட பரீட்சை முடிஞ்சதும் வேலையை ஆரம்பிக்கலாம், ஆனா அவனே வந்து என்னைக் கேக்கணும்னு சொல்லிட்டாரு. எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

கோபமா இருக்கிற ஆளுகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் உங்க மேல பதினெட்டு வருசமா கோபமாத்தான் இருக்கேன். நீங்க கேட்டு நான் எதைச் செய்யாம விட்டேன்? செரையைக் கருக்கின மறுநாளு மலாய்க்காரங்க இருக்கிற கம்பத்துலேருந்து ஒரு கட்டு வாங்கிட்டு வந்து, ஒண்ணும் பேசாம நட்டு வெச்சீங்களே, அது முளைக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தினது யாரு? நீங்களா? உங்களுக்குப் பெரட்டு இருந்துச்சு. நான்தான் ஊத்தினேன், திட்டிக்கிட்டே ஊத்தினேன்.

அதனால கேளுங்க. அவரைப் போய்க் கேளுங்க. அதுக்கு முன்னால என்னைக் கேளுங்க. இத்தனை நாளா நான்தான் வரட்டுமா, வரட்டுமான்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன், நீங்க ஒரு தடவையாவது வான்னு சொல்லியிருக்கீங்களா? யோசிச்சுப் பாருங்க. "கூப்பிட்டுக்குறேன்"ன்னு சொன்னீங்க, கூப்பிடலை.

மேனேஜருக்கு டிசம்பர் கடைசியில பதில் சொல்லணும். அதுக்குள்ள உங்க கையெழுத்துல எனக்கு ஒரே ஒரு வார்த்தை வரணும். போன்ல வேண்டாம், லைன் சரியில்லாம போயிரும். கட்டைவிரல் வந்துச்சுன்னா நான் சூப்பர்வைசர், நீங்க உங்க புல்லோட இருந்துக்குங்க. மிரட்டுறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கும் வயசு ஆகுது, அலமாரியிலயும் இடம் இல்லை.

புல்லைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் கிழிச்சுப் போட்டுடுவேன்.

கோபத்தோட,
உங்க மாலா


சஸ்காட்செவன்
14 நவம்பர் 2023

மாலா,

அவரிடம் கேட்டுவிட்டேன்.

வா.

சேது